வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி நடக்கிறது?

ஸ்டோர் கீப்பர் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஒரு மாதத்தில் கிளம்பிவிடுவார். சரக்கு வருவதும் போவதும் நிற்கப்போவதில்லை. மேனேஜர் வாயிலிருந்து முதலில் வருவது, "சீக்கிரம் ஓர் ஆளைப் பாருங்கப்பா" என்பதுதான். அந்த ஒரு வரிக்கும், புதிதாக வந்தவர் சாவிக்கொத்தைக் கையில் வாங்கும் நாளுக்கும் நடுவில் என்னென்ன நடக்கிறது, எப்படி நடந்தால் நல்லது என்பதை இங்கே சொல்கிறேன். ஆள் எடுக்கும் பொறுப்பு புதிதாக வந்து சேர்ந்தவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் வேலை தேடுகிறவர்களும் படிக்க வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாததால்தான் பலர், ஒரு நிறுவனம் வேண்டாம் என்று சொன்னதைத் தங்கள் தகுதிக்கே எழுதிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டு உடைந்துபோகிறார்கள்.

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று ஆள்சேர்ப்பு: இப்படி ஓர் இடம் காலியாக இருக்கிறது என்ற செய்தியைத் தகுந்தவர்கள் காதுக்கு எட்டவைத்து, அவர்களை விண்ணப்பிக்க வைப்பது. மற்றொன்று தேர்வு: வந்தவர்களில் யார் என்று முடிவு செய்வது. முதலாவது கூட்டத்தைப் பெருக்கும், இரண்டாவது குறைக்கும். பேச்சில் இரண்டையும் சேர்த்து 'ஆள் எடுப்பது' என்று சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்ப்பது நல்லது. தகுந்தவர்கள் யாரும் விண்ணப்பிக்காத இடத்தில் எவ்வளவு நுட்பமாகத் தேர்வு நடத்தினாலும், இருப்பதில் தேவலாம் என்று ஒருவரைத்தான் எடுக்க முடியும்.

தவறும் இரண்டு விதம். பொருந்தாத ஒருவரை எடுத்துவிடுவது முதல் வகை. மூன்றே மாதத்தில் அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும், "யார் இவரை எடுத்தது?" என்ற கேள்வியும் வரும். பொருத்தமான ஒருவரை வேண்டாம் என்று அனுப்பிவிடுவது இரண்டாம் வகை. இது யாருக்கும் தெரிவதே இல்லை. அவர் வேறெங்கோ போய் நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருப்பார். அனுப்பியவர்களுக்கு அந்தச் செய்தி வந்து சேராது. கண்ணில் படுகிற தவறை மட்டும் கணக்கில் வைப்பதால், பல வருடம் இன்டர்வியூ எடுத்தவர்கள் 'எனக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும்' என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் நெடுநாள் அப்படி நம்பியவன்தான். ஆள் எடுப்பதற்கென்று உள்ள முறைகளில் பெரும்பாலானவை இந்த நம்பிக்கைக்குப் போடும் கடிவாளம். அப்படிப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் வேலை என்ன என்று பாருங்கள்

விளம்பரம் எழுதுவதற்கு முன்பே, அந்த வேலை உண்மையில் என்ன என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். பணிப் பகுப்பாய்வு என்பார்கள். போகிற ஸ்டோர் கீப்பரின் பழைய நியமன ஆணையை எடுத்துப் பார்த்தால் 'சரக்கு இருப்பைப் பராமரித்தல்' என்று ஒரு வரி இருக்கும். அவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள். லோடு வந்ததும் பிரித்து எண்ணுகிறார். டெலிவரி நோட்டோடு ஒப்பிடுகிறார். கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். உற்பத்திப் பிரிவிலிருந்து ஒருவர் ஓடிவந்து "அவசரம், சீட்டு அப்புறம் தர்றேன்" என்னும்போது, முகம் கோணாமல், அதே நேரம் சீட்டு இல்லாமல் பொருளும் தராமல் அனுப்புகிறார். இந்தக் கடைசி விஷயம் எந்தத் தாளிலும் இருக்காது. அந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

இப்படிப் பார்த்ததை இரண்டு தாள்களாக எழுதிக்கொள்வார்கள். என்னென்ன செய்ய வேண்டும், யாருக்குக் கீழே, எந்த நேரத்தில், என்ன சம்பளத்தில் என்பது பணி விவரம். அதைச் செய்யக்கூடியவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது தகுதி விவரம். இரண்டாவது தாளில்தான் கை நீண்டுவிடுகிறது. பட்டப்படிப்பு, ஐந்து வருட அனுபவம், மூன்று மொழி என்று ஆசைப்பட்டதெல்லாம் ஏறிவிடும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'இது இல்லாமல் வந்தவர் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ள முடியாதா?' என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் அதைக் கட்டாயத் தகுதியிலிருந்து எடுத்துவிடலாம். தேவையில்லாமல் சேர்க்கும் ஒவ்வொரு தகுதியும், வேலையைச் செய்யத் தெரிந்த சிலரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. மேலே சொன்ன இரண்டாம் வகைத் தவறு இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. சில நேரம் வேலையை நன்றாகப் பார்த்தபின், இதற்குப் புதிதாக ஆளே வேண்டாம், இருக்கிற இருவர் பகிர்ந்துகொண்டால் போதும் என்றும் தெரியவரும்.

ஆட்கள் எந்த வழியில் வருகிறார்கள்

முதலில் உள்ளேயே தேடுவார்கள். பதவி உயர்வு, இடமாற்றம். செலவு குறைவு, ஆளின் தன்மையும் தெரியும். ஆனால் ஒரு நாற்காலியை நிரப்பினால் இன்னொன்று காலியாகும். வெளியே என்றால் வேலைவாய்ப்பு இணையதளங்கள், நாளிதழ் விளம்பரம், கல்லூரி வளாகத் தேர்வு, நேராக வரச்சொல்லும் வாக்-இன், கன்சல்டன்சி என்று பல வழிகள் உண்டு. பெரிய பதவிகளுக்கு, வேறிடத்தில் நன்றாக வேலை பார்ப்பவரை நாடிப்போய்ப் பேசி அழைத்துவரும் நிறுவனங்களும் இருக்கின்றன.

இவற்றில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது தெரிந்தவர் மூலம் வருவது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரத்தில் வேலை மாறியவர்களிடம், இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். பலர் தெரிந்தவர் மூலம் என்றார்கள். அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டபோதுதான் எதிர்பாராத பதில் வந்தது. அடிக்கடி பார்ப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6 சதவீதம், அரிதாகவே பார்ப்பவர் மூலம் 27.8 சதவீதம். 1973-இல் அவர் இதை வெளியிட்டார். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம்தான் நாம் அறியாத இடத்துச் செய்தியைக் கொண்டுவரும் என்பது அவர் தந்த விளக்கம்.

அதனால் தங்கள் ஊழியர்களிடமே "தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்பது நிறுவனங்களுக்கு மலிவான, வேகமான வழி. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஒரே படிப்பு, ஒரே வட்டம், ஒரே மாதிரிப் பேச்சு என்று ஆட்கள் சேர்ந்துகொண்டே போவார்கள். யாரையும் தெரியாத ஒருவருக்கு அந்தக் கதவு திறக்காது. தெரிந்தவர் பெயரைச் சொன்னவருக்கும் மற்றவர்களுக்கு வைத்த அதே தேர்வை வைத்தால்தான் அது பரிந்துரை. தேர்வைத் தாண்டி உள்ளே விட்டால் அதற்குப் பெயர் சிபாரிசு.

வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆள் தேடித் தருவதற்குக் கன்சல்டன்சிக்குப் பணம் கொடுக்க வேண்டியது நிறுவனம். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆவது உடன்படிக்கை, 1997-இல் வந்தது. வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதை அது பொது விதியாகவே வைத்திருக்கிறது. "ரிஜிஸ்ட்ரேஷனுக்கு இவ்வளவு, டிரெய்னிங்குக்கு இவ்வளவு கட்டுங்கள், வேலை நிச்சயம்" என்று யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விண்ணப்பக் குவியல்

ஓர் இடத்துக்கு 300 விண்ணப்பம் வந்தால், 300 பேரையும் கூப்பிட முடியாது. தகுதி விவரத்தை வைத்துச் சலித்து, பத்துப் பதினைந்து பேராகக் குறைப்பார்கள். பெரிய நிறுவனங்களில் முதல் சலிப்பை மென்பொருள் செய்கிறது. விளம்பரத்தில் உள்ள சொற்கள் ரெஸ்யூமேயில் இருக்கின்றனவா என்று தேடும். அதனால் விளம்பரத்தில் 'இருப்புக் கணக்கு' என்றிருந்தால், அந்த வேலையை நீங்கள் செய்திருக்கும் பட்சத்தில், அதே சொல்லால் எழுதுங்கள்.

சலிப்பது நேர்மையாக நடக்கிறதா? மேரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரு பொருளியலாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொன்னது. பாஸ்டன், சிகாகோ நகரங்களின் நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். தகுதியில் வேறுபாடு இல்லை. மேலே இருந்த பெயர்தான் வேறு. வெள்ளையரின் பெயர் என்று தோன்றும் விண்ணப்பங்களில் ஏறக்குறைய பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவரின் பெயர் என்று தோன்றும் விண்ணப்பங்களுக்கோ ஓர் அழைப்பு வருவதற்குப் பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. அந்த மேசைகளில் இருந்த எல்லாரும் வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவசரமாகப் புரட்டும் கை, பழகிய பெயரில் சற்று அதிகம் நிற்கிறது. விலக்கப்பட்டவருக்கு அதனால் நேர்ந்த இழப்பு மட்டும் குறையப்போவதில்லை.

இயந்திரத்திடம் விட்டால் சரியாகிவிடும் என்று சொல்ல முடியவில்லை. விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட அமேசான் உருவாக்கிப் பார்த்த ஒரு மென்பொருள், 'பெண்கள்' என்ற சொல் வரும் ரெஸ்யூமேக்களின் மதிப்பைக் குறைத்ததை ராய்ட்டர்ஸ் 2018 அக்டோபரில் வெளியிட்டது. முந்தைய பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களைப் பார்த்து அது கற்றுக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பழைய பழக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

இதற்குப் பழங்காலத்திலேயே ஒரு வழி கண்டவர்கள் உண்டு. சீனத்தில் அரசுப் பணிக்கான தேர்வுகளில், சொங் அரசர்கள் காலத்தில் விடைத்தாளில் பெயரை மூடி ஒட்டினார்கள். கையெழுத்தை வைத்து அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று எழுத்தர்களை வைத்து விடைத்தாளை முழுதாகப் படியெடுத்து, அந்தப் படியைத்தான் திருத்தக் கொடுத்தார்கள். இன்று சில நிறுவனங்கள் முதல் சலிப்பில் பெயர், புகைப்படம், வயது, பாலினம் இவற்றை மறைத்துவிட்டுப் பார்க்கின்றன. செலவில்லாத காரியம். எல்லாரும் செய்யலாம்.

நேர்காணல்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஆள் எடுப்பது என்றாலே மனதில் வருவது நேர்காணல்தான். எதிரே உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினால் ஆளை எடைபோட்டுவிடலாம் என்று எல்லாருமே நம்புகிறோம்.

1979-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரி 150 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தது. 800 பேரை நேர்காணல் செய்து வரிசைப்படுத்தி, மேல்வரிசையிலிருந்து எடுத்தவர்கள். அதற்குப் பிறகு, இன்னும் 50 இடங்களை நிரப்ப வேண்டும் என்று மாநில அரசிடமிருந்து உத்தரவு வந்தது. மேல்வரிசையில் இருந்த மற்றவர்கள் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் 700-லிருந்து 800 வரை, அதாவது வரிசையின் அடியில் இருந்தவர்கள். வேறு வழியில்லாமல் அவர்களிலிருந்து 50 பேரைச் சேர்த்தார்கள். பிறகு இரு கூட்டத்தாரும் எப்படிப் படித்தார்கள், எப்படித் தேறினார்கள், படிப்பு முடிந்து முதல் வருடப் பயிற்சியில் எப்படி இருந்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இல்லை. முதலில் எடுத்தவர்களும் வேண்டாம் என்று ஒதுக்கியவர்களும் ஒன்றுபோலவே இருந்தார்கள். அந்த உத்தரவு வராமல் போயிருந்தால், ஒதுக்கியது தவறு என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டாம் வகைத் தவறு வெளிச்சத்துக்கு வந்த அபூர்வமான தருணங்களில் அது ஒன்று.

படிப்புக்கு ஆள் எடுத்த கதைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்களை நேர்காணல் செய்து அவர்கள் எவ்வளவு மதிப்பெண் வாங்குவார்கள் என்று கணிக்கச் சொன்னார்கள். சில நேர்காணல்களில் எதிரே இருந்தவர் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல், முன்கூட்டி வைத்த ஒரு விதிப்படி ஏதோ ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்கு அது தெரியவில்லை. அந்தப் பதில்களிலிருந்தும் ஒரு மனிதரைக் கோத்து உருவாக்கிக்கொண்டார்கள். பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கணித்தபோது வந்த துல்லியம், பேசிப் பார்த்தபின் குறைந்துபோனது.

ஏன் இப்படி என்றால், கதை கட்டுவது நம் மனதின் இயல்பு. ஒருவர் நன்றாக உடுத்தி, சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தால் அவர் கணக்கிலும் கெட்டிக்காரர் என்று தோன்றிவிடும். ஒரு குணத்தின் வெளிச்சம் மற்ற குணங்களின் மேலும் படர்வதை உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே எழுதி, ஒளிவட்ட விளைவு என்று பெயரும் வைத்தார். முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, மீதி இருபத்தைந்து நிமிடமும் அதற்குச் சாட்சி தேடிக்கொண்டிருப்போம்.

அதற்காக நேர்காணலே வேண்டாம் என்று சொல்லவில்லை. நடத்தும் விதத்தை மாற்றினால் அதுவே மிக நல்ல கருவியாகிறது. கேள்விகளை முன்பே எழுதிவைத்து, எல்லாரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் எது நல்ல பதில், எது சுமார் என்று முன்பே முடிவு செய்து மதிப்பெண் போடுவது. கட்டமைக்கப்பட்ட நேர்காணல் என்று இதைச் சொல்வார்கள். ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் எழுதினார்கள். தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணும் பிறகு செய்த வேலையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு ஓர் எண். தொடர்பே இல்லை என்றால் 0, முழுதாக ஒத்துப்போனால் 1. கட்டமைத்த நேர்காணலுக்கு 0.51, சும்மா பேசிப் பார்ப்பதற்கு 0.38 என்றார்கள். கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதற்கு 0.02. பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் அந்தக் கணக்கு முறையைத் திருத்திப் பார்த்தபோது பெரும்பாலான எண்கள் இறங்கின. ஆனாலும் 0.42 என்ற எண்ணோடு முதலிடத்தில் நின்றது கட்டமைத்த நேர்காணல்தான். இருப்பதிலேயே நல்ல முறைக்கு 0.42 என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிகச் சரியாகச் செய்தாலும் பெரும்பகுதி நம் கணிப்புக்கு வெளியேதான் இருக்கிறது.

என்ன கேட்பது? "உங்கள் பலம், பலவீனம் என்ன?" என்றால் மனப்பாடம் செய்த பதில்தான் வரும். நடந்ததைக் கேளுங்கள்: "கணக்கில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒத்துப்போகாத ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். அப்போது என்ன செய்தீர்கள்? கடைசியில் என்ன ஆனது?" அனுபவம் இல்லாத புதியவரிடம் நடக்கக்கூடியதைக் கேட்கலாம்: "சீட்டு இல்லாமல் ஒருவர் பொருள் கேட்கிறார், அவர் உங்களைவிடப் பெரிய பதவியில் இருக்கிறார். என்ன செய்வீர்கள்?" கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா, என்ன மதம் என்பவற்றுக்கு ஸ்டோர் வேலையோடு ஒரு சம்பந்தமும் இல்லை, பல நாடுகளில் அப்படிக் கேட்டு முடிவெடுப்பது சட்டத்துக்கும் விரோதம். மூன்று பேர் நேர்காணல் செய்தால், மூவரும் தனித்தனியாக மதிப்பெண்ணை எழுதி முடித்தபின்தான் வாயைத் திறக்க வேண்டும். மேனேஜர் முதலில் "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டால் மற்ற இரண்டு தாளும் அதே மாதிரி மாறிவிடும்.

செய்து காட்டச் சொல்வது

பேச்சைவிட எனக்கு நம்பிக்கை தருவது, வேலையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வது. ஒருமுறை ஸ்டோர் கீப்பர் பணிக்கு நான்கு பேரைக் கடைசிச் சுற்றுக்கு வரவழைத்திருந்தோம். ஒரு பெட்டி, ஒரு டெலிவரி நோட், ஒரு பதிவேடு. 10 மில்லிமீட்டர் போல்ட் 48 என்று நோட்டில் இருந்தது. பெட்டியில் இருந்தவை 46. அவற்றிலும் ஆறு 12 மில்லிமீட்டர். இருபது நிமிடம் கொடுத்தோம்.

நேர்காணலில் எங்கள் மூவரையும் கவர்ந்தவர் எண்ணினார். 46 என்று கண்டுபிடித்தார். இரண்டு குறைந்தால் என்ன, அடுத்த லோடில் சேர்த்து அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லி, பதிவேட்டில் 48 என்றே எழுதினார். இன்னொருவர் பேசவே தயங்கியவர், கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொன்னவர். இரண்டு முறை எண்ணினார். எண்ணும்போதே விரலில் கனம் வேறுபட்டது போலும். ஆறு போல்ட்டைத் தனியே எடுத்து வைத்தார். '10 மி.மீ. வரவு 40, குறைவு 8, 12 மி.மீ. தவறாக வந்தது 6' என்று நோட்டின் ஓரத்தில் எழுதித் தேதி போட்டார். பிறகு தலைநிமிர்ந்து, "சார், இதை அனுப்பினவங்களுக்கு நான் சொல்லணுமா, பர்ச்சேஸ்ல சொல்வாங்களா?" என்று கேட்டார். அவருக்கு நான் போட்டிருந்த நேர்காணல் மதிப்பெண் நால்வரிலும் குறைவு.

இந்த மாதிரிச் சோதனையில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். சோதனை என்ற பெயரில் நிறுவனத்தின் நிஜ வேலையை இலவசமாக வாங்கிக்கொள்ளக் கூடாது. மூன்று நாள் பிடிக்கும் வடிவமைப்பையோ நிரலையோ வீட்டில் செய்து வரச்சொல்வது, அதை எடுத்துப் பயன்படுத்திவிட்டுப் பதிலே போடாமல் இருப்பது எல்லாம் திருட்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குப் பின் வருபவை சுருக்கமானவை. முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பது, சான்றிதழ்களைச் சரிபார்ப்பது, சம்பளம் பேசி எழுத்தில் ஆணை கொடுப்பது. விசாரிக்கும்போது "ஆள் எப்படி?" என்றால் "நல்ல பையன்" என்றுதான் பதில் வரும். "இவரைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். எதிர்முனையில் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் சேதி சொல்லும்.

வருகிறவரும் நம்மைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை இந்தக் கட்டத்தில் மறந்துவிடக் கூடாது. மாதக் கடைசியில் இருப்பெடுக்கும்போது இரவு ஒன்பது வரை இருக்க வேண்டிவரும், கிடங்கில் வெயில் காலத்தில் புழுக்கம் தாங்காது என்று உள்ளதை முன்பே சொல்லி, இடத்தையும் காட்டிவிடுவது நல்லது. அதைக் கேட்டு ஒருவர் வேண்டாம் என்று போனால் போகட்டும். சேர்ந்து இரண்டு வாரத்தில் போவதைவிட அது இருவருக்கும் நல்லது.

தேர்வாகாதவர்களுக்கு ஒரு பதில் அனுப்புவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். நேர்காணல் வரை வந்தவருக்கு அதுகூடச் செய்யாத நிறுவனங்கள் மீது எனக்குக் கோபமே உண்டு. விடுப்பெடுத்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்த ஒருவர் மூன்று வாரம் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இரண்டாவதாக வந்தவரின் தாளை மட்டுமாவது பத்திரமாக வையுங்கள். அடுத்த இடம் காலியாகும்போது விளம்பரத்துக்கு முன் அவரைக் கூப்பிடலாம்.

கடைசியாக, கிட்டத்தட்ட யாருமே செய்யாத ஒரு காரியம். எடுத்தவர் ஒரு வருடம் வேலை பார்த்தபின், தேர்வின்போது எழுதிய மதிப்பெண் தாளைக் கோப்பிலிருந்து வெளியே எடுத்து, எந்தக் கேள்வி சரியாகக் கணித்தது, எது தவறாகக் கணித்தது என்று ஒப்பிட வேண்டும். அந்தப் பெட்டியைச் சரியாக எண்ணியவரைத்தான் எடுத்தோம். ஒரு வருடம் கழித்து அவருடைய தாளை எடுத்தேன். இருப்பெடுப்பில் வித்தியாசம் வராத வருடம் அது. தாளின் நான்காவது வரிசையில் 'பேச்சுத்திறன்' என்று இருந்தது; பத்துக்கு மூன்று போட்டு, பக்கத்தில் 'போதாது' என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தேன். ஸ்டோர் கீப்பர் பணிக்கான மதிப்பெண் தாளிலிருந்து அந்த வரிசையை அன்றே எடுத்துவிட்டோம்.